மூளை தேய்கிறது... மூடி மறைக்காதீர்கள்!

கை கால்கள் தானாக ஆடுகின்றன. நடந்தால் குடித்தவர் போலத் தள்ளாட்டம். ஒன்றும் இல்லாததற்கெல்லாம் எரிச்சல். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

"பட்டப்பகல்லயே தண்ணி போட்டுட்டு ஆடறான்."

"புத்தி பேதலிச்சுப் போச்சு."

"அவங்க அப்பனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அது அந்தக் குடும்பத்துக்கு வந்த சாபம்."

இந்த மூன்றாவது பேச்சில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. அப்பாவுக்கு இருந்தது என்பது உண்மை. சாபம் என்பது பொய். இந்த நோய்க்கு ஹண்டிங்டன் நோய் என்று பெயர். மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போவதுதான் இதன் அடிப்படை. மேலை நாடுகளில் லட்சம் பேரில் பத்துப் பேர் அளவுக்கு இருக்கிறது. அபூர்வம்தான். ஆனால் வந்த வீட்டில் அது அபூர்வம் இல்லை. தாத்தா, அப்பா, அண்ணன், தங்கை என்று வரிசையாக வரும்.

நான் சித்த மருத்துவன். ஸ்கேன், ஜீன் பற்றி எல்லாம் நீங்கள் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இந்தக் குடும்பங்கள் எங்களைப் போன்றவர்களிடம்தான் வருகின்றன. "ஐயா, நரம்புத் தளர்ச்சிக்கு ஒரு லேகியம் குடுங்க" என்று கேட்கின்றன. அதனால் சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் ஆழத்தில், நடுப்பகுதியில், காடேட், புடாமென் என்று இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டையும் சேர்த்து ஸ்ட்ரையேட்டம் என்பார்கள். நாம் கையை நீட்டும்போது எந்தத் தசை அசைய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று முறைப்படுத்துவது இந்த இடம். உடம்புக்கு மட்டும் அல்ல, மனதுக்கும் இதுதான் பிரேக். கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் திட்டமிட்டு ஆரம்பிப்பது, பாதியில் விடாமல் முடிப்பது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஹண்டிங்டன் நோயில் முதலில் அடிபடுவது இங்குள்ள நரம்பு செல்கள்தான். செல்கள் சாகச் சாக அந்த இடம் சுருங்குகிறது. பக்கத்தில் மூளை நீர் நிற்கும் அறைகள் அந்த அளவுக்குப் பெரிதாகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் நிபுணர் பார்த்தால் இது தெரியும். பிறகு தேய்மானம் மூளையின் மேற்பரப்புக்கும் பரவுகிறது. வளர்ந்த ஒருவரின் மூளை சுமார் 1,300 கிராம் எடை இருக்கும். நோய் நன்றாக முற்றியவர்களுக்கு அதில் கால் பங்கு வரைகூடக் குறைந்து போவது உண்டு.

ஏன் தேய்கிறது? நான்காவது குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனில், சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். கீறல் விழுந்த ரெக்கார்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடுமே, அந்த மாதிரி. 26 தடவை வரை இருந்தால் பிரச்னை இல்லை. 40 அல்லது அதற்கு மேல் போனால், போதிய ஆயுள் இருக்கும்வரை நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை உள்ளவர்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். 27 முதல் 35 வரை உள்ளவருக்கு நோய் வராது என்றாலும், பிள்ளைக்குப் போகும்போது எண்ணிக்கை கூடிவிடும் வாய்ப்பு உண்டு. எண்ணிக்கை கூடக் கூட, நோய் இளம் வயதிலேயே தலைகாட்டுகிறது. அப்பா வழியாக வரும்போது இந்த எண்ணிக்கை எகிறுவது அதிகம்.

2025ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் ஒரு விஷயத்தைச் சொன்னது. பிறக்கும்போது 40, 45 என்று இருக்கும் இந்த எண்ணிக்கை, ஸ்ட்ரையேட்ட செல்களுக்குள் மட்டும் பல பத்தாண்டுகளாக மெதுவாக வளர்ந்துகொண்டே போகிறதாம். 150ஐத் தாண்டிய பிறகுதான் அந்த செல் சீக்கிரமாகக் கெட்டு அழிகிறதாம். முப்பது, நாற்பது வயது வரை நன்றாக இருந்தவருக்கு ஏன் திடீரென்று வருகிறது என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. திடீரென்று வரவில்லை. உள்ளே ரொம்ப காலமாக வந்துகொண்டே இருந்தது.

"சோம்பேறி" என்கிறோமே...

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. கை கால் ஆட ஆரம்பிப்பதற்குப் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பே ஸ்ட்ரையேட்டம் சுருங்கத் தொடங்கிவிடுவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த வருடங்களில் வீட்டுக்காரர்கள் கண்ணில் படுவது நோய் அல்ல, குணம்!

நன்றாக வேலை பார்த்தவர் ஆபீசில் கணக்கைத் தப்பும் தவறுமாகப் போடுகிறார். பேங்குக்குப் போகச் சொன்னால், போகிறேன் போகிறேன் என்று உட்கார்ந்தே இருக்கிறார். சட்டென்று தட்டை வீசுகிறார். மனச்சோர்வில் மூலையில் கிடக்கிறார். "முன்ன மாதிரி இல்ல. பொறுப்பே இல்லாம போயிட்டார்" என்று மனைவி அழுகிறாள். பொறுப்பு போகவில்லை அம்மா, பொறுப்பை நடத்தும் இடம் தேய்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு வேதனை. "உங்க கை ஆடுதே" என்றால், "எங்கே ஆடுது? எனக்கு ஒண்ணும் இல்லே" என்பார். பொய் சொல்கிறார், வீம்பு பிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். தன் அசைவு தனக்கே தெரியாமல் போவதும் இந்த நோயின் ஒரு அறிகுறி. அந்த ஆட்டம் தூக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு, "தூங்கறப்ப ஆடலியே, அப்ப வேணும்னுதானே செய்யறார்?" என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி இல்லவே இல்லை.

இந்த உண்மை தெரியாததால் எத்தனை அடி, எத்தனை வசவு, எத்தனை விவாகரத்து! குடிகாரன் என்று வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள், போலீசிடம் மாட்டியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

மூன்று தலைமுறை பார்த்த டாக்டர்

1872ல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க டாக்டர் இந்த நோயைத் தெளிவாக விவரித்து எழுதினார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே ஊரில் டாக்டர்கள். மூன்று தலைமுறை டாக்டர்கள் ஒரே குடும்பங்களைப் பார்த்து வந்ததால்தான், ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு நோய் எப்படி இறங்குகிறது என்பது பிடிபட்டது. நம்மிடம் பரம்பரை வைத்தியர்கள் இருந்தார்கள். குடும்பம்தான் விஷயத்தை வெளியே விடவில்லை!

தென் அமெரிக்காவின் வெனிசுலா நாட்டில் மரகாய்போ என்ற பெரிய ஏரி. அதன் கரையோர மீனவ கிராமங்களில் இந்த நோய் உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இருந்தது. அங்கேயும் குடிகாரர்கள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற அந்நாட்டு டாக்டர் 1950களில் இது ஹண்டிங்டன் நோய் என்று கண்டார். பிறகு நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி வருடா வருடம் அங்கே போய், அந்த ஏழை மக்களிடம் ரத்தம் கேட்டு வாங்கி, பெரிய வம்சாவளிப் பட்டியலைத் தயாரித்தார். 1983ல் அந்த ஜீன் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்தது. 1993ல் ஜீனே கிடைத்தது.

அந்த நான்சியின் அம்மா இதே நோயில் 1978ல் இறந்தவர். தனக்கும் இருப்பதை 2020ல் நான்சி வெளிப்படையாகச் சொன்னார். உலகத்துக்கே பரிசோதனை கிடைக்க வழி செய்தவருக்கும் அதைச் சொல்வதற்கு அவ்வளவு காலம் பிடித்தது என்றால், நம் வீட்டுப் பெண்கள் பயப்படுவதில் ஆச்சரியம் என்ன? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மீனவக் குடும்பங்கள் மறைத்திருந்தால் ஜீன் கிடைத்திருக்காது.

சித்த மருத்துவம் என்ன செய்யும்?

வாத நோய்களை 80 என்று யூகி முனிவர் வகுத்திருக்கிறார். நடுக்கம், வலிப்பு, இழுப்பு எல்லாவற்றையும் உற்றுப் பார்த்து எழுதியவர்கள் நம் முன்னோர்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அந்த உரிமையோடு சொல்கிறேன். ஹண்டிங்டன் நோயில் அழிந்த மூளைத் திசுவைத் திரும்ப வளர்க்கும் மருந்து சித்தத்தில் இல்லை. அலோபதியிலும் இல்லை. "மூளை நரம்பு புதுசா முளைக்கும், 90 நாள் கோர்ஸ், அட்வான்ஸ் கட்டுங்க" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மரபணுக் கோளாறுகளைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையே சொல்கிறது. 

இன்னொரு எச்சரிக்கை மிக முக்கியம். கை ஆடுகிறது என்றதும் நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் என்று முடிவு கட்டி, பூனைக்காலி விதைச் சூரணம் கொடுப்பவர்கள் உண்டு. பூனைக்காலியில் எல்-டோபா என்ற சத்து இயற்கையாகவே இருக்கிறது. பார்க்கின்சனில் அதனால் பயன் உண்டு. ஹண்டிங்டனில் நிலைமை தலைகீழ். எல்-டோபா அந்த ஆட்டத்தை அதிகப்படுத்திவிடும்! பார்க்க இரண்டும் "கை ஆடற வியாதி"தான். மருந்து நேர் எதிர். நாட்டு மருந்துதானே, கெடுதல் செய்யாது என்று கடையில் வாங்கிக் கொடுப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். யார் செய்தது, எப்படி முடித்தது என்று தெரியாத பற்பம், செந்தூரமும் வேண்டாம். சுத்தி சரியாக இல்லாத பாதரசமும் ஈயமும் மூளைக்கு விஷம். ஏற்கெனவே தேயும் மூளைக்கு அது தேவையா?

அப்படியானால் எங்களுக்கு வேலையே இல்லையா? நிறைய உண்டு. மலச்சிக்கல், தூக்கமின்மை, பசியின்மை, உடல் மெலிவு, தசைப் பிடிப்பு எல்லாம் இந்த நோயாளியை வாட்டும். எண்ணெய் தேய்ப்பு, பத்தியமில்லாத சத்துணவு, மலம் இளக எளிய மருந்து என்று உதவலாம். ஆனால் நரம்பியல் டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் கூடாது. ஆட்டத்தைக் குறைக்க டெட்ராபெனசின் போன்ற மாத்திரைகள் தருவார்கள். அதனால் சிலருக்கு மனச்சோர்வு கூடும். எனவே வீட்டார் கண்காணிக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இந்த நோயில் அதிகம். அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்தால்கூட அலட்சியம் செய்யாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

புதிய சிகிச்சை ஏதாவது? டோமினெர்சன் என்ற மருந்தின் பெரிய சோதனை 2021ல் பலனின்றி நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பரில், மூளைக்குள்ளேயே அறுவை சிகிச்சை மூலம் செலுத்தும் ஒரு ஜீன் சிகிச்சை, மூன்று வருடத்தில் நோயின் வேகத்தை 75 சதவிகிதம் குறைத்ததாக யூனிக்யூர் என்ற நிறுவனம் அறிவித்தது. அந்தக் கணக்கு 12 பேரை வைத்துச் சொன்னது. நம்பிக்கை வைக்கலாம். வீட்டை விற்றுக்கொண்டு ஓட வேண்டாம்.

கல்யாணப் பேச்சு

மறைப்பதற்கெல்லாம் மூல காரணம் கல்யாணம்தான். என்னிடம் வந்த ஒரு குடும்பம். மாமனார் "நரம்புத் தளர்ச்சி"யில் போனார். மூத்த மகனுக்கு முப்பத்தெட்டு வயதில் ஆட்டம். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து, தேதியும் குறித்தாகிவிட்டது. "பொண்ணுக்கே தெரியாது ஐயா. இப்ப சொன்னா கல்யாணம் நின்னுடும்" என்றார் அம்மா.

நான் சொன்னது இதுதான். "மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்றது அப்புறம். முதல்ல உங்க பொண்ணுக்குச் சொல்லுங்கம்மா. அது அவ உடம்பு."

கணக்கு எளிது. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இந்த ஜீன் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பூவா தலையா போட்ட மாதிரி 50 சதவிகிதம் வாய்ப்பு. அண்ணனுக்கு வந்துவிட்டது, அதனால் தங்கை தப்பித்தாள் என்று கிடையாது. ஆண், பெண் பேதம் கிடையாது. ஜீன் வராத பிள்ளையிடமிருந்து பேரப் பிள்ளைக்கு அது போகாது. இன்னொன்று, சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று பல பேர் நினைக்கிறார்கள். இந்த நோய்க்கு அது காரணம் அல்ல. ஒரு பக்கம் இருந்தாலே போதும். அதே வம்சத்துக்குள் இருவருமே சம்பந்தப்பட்டால் ஆபத்து இன்னும் கூடும், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணிடம் சொன்னார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பிறகு அவளே, "அண்ணன் ஏன் அப்படி இருந்தார்னு இப்பத்தான் புரியுது. எத்தனை தடவை அவரைத் திட்டியிருக்கேன்!" என்றாளாம். கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்துவிட்டு, கவுன்சலிங்குக்குப் பெங்களூர் போனாள். பரிசோதனை செய்துகொண்டாளா, முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குச் சொல்லும் கடமை அவளுக்கு உண்டு. அதை அவள் செய்வாள் என்று நம்புகிறேன். தெரிந்து கட்டிக்கொண்ட கணவன் கூட நிற்பான். மறைத்துக் கட்டி வைத்தால், பத்து வருடம் கழித்து நோயோடு துரோகம் என்ற பழியும் சேர்ந்து வரும்.

பரிசோதனைக்கு எங்கே போவது?

திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸில் இந்த நோய்க்கு ஜீன் பரிசோதனையும் கவுன்சலிங்கும் உண்டு. ஒரு குழாய் ரத்தம் போதும்.

ஆனால் சில விதிகள் இருக்கின்றன. அறிகுறி இல்லாத ஒருவர் தனக்கு வருமா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், கவுன்சலிங் முடிந்த பிறகே பரிசோதனை. 18 வயதுக்குக் கீழே உள்ள, அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்குச் செய்யக் கூடாது. "தெரிஞ்சுக்க வேண்டாம்" என்று சொல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு. மாப்பிள்ளை வீட்டார் கட்டாயப்படுத்துவதும் தவறு. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ, சோதனைக் குழாய் முறையில் கருவைத் தேர்ந்தெடுத்தோ, இந்த ஜீன் இல்லாத குழந்தை பெறும் வழிகள் இருக்கின்றன.

வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

* உடம்பு ஓயாமல் ஆடுவதால் சக்தி நிறையச் செலவாகும். எடை குறையும். ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை, நெய், வேர்க்கடலை, பால், முட்டை சேர்த்துக் கொடுங்கள்.

* விழுங்குவதில் சிரமம் வரும். தண்ணீர் மாதிரி இருப்பவைதான் புரை ஏறும். கெட்டியான கேழ்வரகுக் கூழ், குழைந்த சாதம் நல்லது. நிமிர்ந்து உட்கார வைத்து, டி.வி.யை நிறுத்திவிட்டு, பேச்சுக் கொடுக்காமல் ஊட்டுங்கள். சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள்.

* ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

* தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வேலைகள் நடந்தால் கோபம் குறையும்.

* பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடுங்கள். கண்ணாடி டம்ளர் வேண்டாம்.

* வண்டி ஓட்ட விடாதீர்கள்.

* ஊனமுற்றோருக்கான அரசுச் சான்றிதழும் பராமரிப்பு உதவித் தொகையும் கிடைக்குமா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

* கவனித்துக்கொள்பவருக்கும் வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். பெரும்பாலும் அது மருமகள் அல்லது மனைவி. அவள் உடம்பையும் யாராவது கேளுங்கள்.

கன்மமா?

எங்கள் ஊருக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். ஆடும் கையைப் பிடித்துக்கொண்டு கணவனை நடத்திக்கொண்டு வரும் மனைவிமாரையும் பார்க்கலாம். வேண்டுதல் மனதுக்குத் தெம்பு. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பரிகாரம், தோஷம் என்று வருடக்கணக்கில் பணத்தைக் கரைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

"இது கன்ம வியாதியா ஐயா?" என்று கேட்கிறார்கள். எங்கள் நூல்களிலும் அந்தச் சொல் உண்டு. ஆனால் நோயாளியின் தலையில் பழி போடுவதற்கு அதை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அப்பாவின் மூக்கு மகனுக்கு வந்தால் பாவம் என்கிறோமா? அதே வழியாக வந்ததுதான் இந்த ஜீனும். கொடுத்தவரும் தெரிந்து கொடுக்கவில்லை. வாங்கியவரும் கேட்டு வாங்கவில்லை.

2017ல் ரோமாபுரியில் போப் பிரான்சிஸ், பல நாடுகளிலிருந்து வந்த ஹண்டிங்டன் குடும்பங்களைச் சந்தித்து, இனி மறைந்து வாழ வேண்டாம் என்று அவர்களைக் கட்டித் தழுவினார். நமக்கு ரோமாபுரி வரை போக வேண்டாம். குடும்பத்தில் அப்பா, அத்தை, சித்தப்பா என்று யாருக்காவது இப்படி ஆட்டமும், குணமாற்றமும், இளம் வயது மறதியும் இருந்திருந்தால், அதை ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு, எந்த வயதில், எப்படி ஆரம்பித்தது என்று. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளை மேஜை மேல் வையுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.